இரண்டு மறுமை

போன வாரம் ஆலிமாவைச் சமையலறையில் விட்டுவிட்டு வந்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். இப்போது பாத்திரமெல்லாம் துலக்கி, துடைத்து, அடுக்கியாகிவிட்டது. பல்லை மட்டும் இன்னும் விட்ட பாடில்லை.

காரணம் பக்கத்து அறையில் இருந்தது. அங்கே மாமி கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். போனில் யாரோடும் அல்ல, போனோடு.

"பெட்டி, கேக்குதா? காது மெஷினை மாட்டிக்கிட்டே தொழலாமா? கூடுமா?"

"கூடும். காது மெஷின் தொழுகைக்குத் தடை இல்லை. அல்லாஹ் மிக அறிந்தவன்" என்றது போன். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

இதே கேள்விக்கு இதே பதிலை ஆலிமா, அந்தக் காது மெஷின் வாங்கி வந்த அன்றைக்கே சொல்லியிருக்கிறாள். சொன்னது மட்டுமா, மாட்டியும் விட்டிருக்கிறாள். மாமிக்கு அது மறந்துபோச்சு. அல்லது மறக்கவில்லை, மெஷின் வாயால் கேட்டால்தான் திருப்தி. எது உண்மையாக இருந்தாலும் ஆலிமாவுக்கு வயிறு எரிந்தது.

'கூடுமா?' என்கிற அந்த ஒரு வார்த்தை, இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்து ஆலிமாவுக்கே சொந்தமாக இருந்தது. மதரசாவில் ஓதி ஆலிமா பட்டம் வாங்கிய பெண் என்று தேடிப் பிடித்துக் கட்டி வைத்தவளே மாமிதான். தினமும் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, தொழுத விரிப்பிலேயே உட்கார்ந்து மாமி கேட்பாள்: "ஆலிமா, இது கூடுமா? அது கூடுமா?" தெருப் பெண்களும் வியாழக்கிழமை வகுப்புக்கு வந்து அதையே கேட்பார்கள். பெற்ற பெயரை எல்லாரும் மறந்தே போனார்கள். வீட்டிலும் ஆலிமா, வெளியிலும் ஆலிமா.

அப்புறம் சின்னவள் வந்தாள். மாமியின் இளைய மகனைக் கட்டிக்கொண்டு வந்தவள், சாஃப்ட்வேர் இன்ஜினியர். வந்த இடத்தில் சும்மா இருந்தாளா? மார்க்கச் சந்தேகத்துக்குப் பதில் சொல்கிற மெஷின் ஒன்றைப் பள்ளிவாசலுக்குச் செய்து கொடுத்தாள். கேள்வியை வாயால் சொன்னால் போதும், அதுவே எழுத்தாக்கிக்கொண்டு, பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத் பார்த்துக் கொடுத்த நூல்களிலிருந்து பதில் சொல்லும். ஒரு மாதமாக வெள்ளோட்டம். இன்றைக்கு மாலை அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டம். எல்லாருக்கும் திறந்துவிடலாமா வேண்டாமா என்று இன்றைக்குத் தெரிந்துவிடும்.

அதற்குச் சின்னவள் வைத்த பெயர் 'கேளுங்கள்'. பெண்கள் வைத்த பெயர் வேறு. சின்ன மருமகள் செய்தது, சின்னதாகக் கைக்குள் அடங்குவது. ஆகவே 'சின்ன ஆலிமா'.

அந்தப் பெயரை முதல் தடவை கேட்ட அன்றைக்கு ஆலிமா சிரித்துச் சமாளித்தாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"ஆலிமா, தண்ணி ஓடுது பாரு! வீணாக்கினா அல்லாஹ் பிடிப்பான்" என்று வெளியிலிருந்து மாமி சத்தம் போட்டதும் அழுகையை நிறுத்த வேண்டியதாயிற்று.

*

சின்னவள் தோள்பையை மாட்டியபடியே மாமியின் அறைக்குள் தலையை நீட்டினாள்.

"மாமி, போன் ஒழுங்கா பேசுதா?"

"நீ சரி பண்ணிக் கொடுத்ததுல இருந்து நல்லா பேசுதுமா. உன் கை பட்டாலே சொன்ன பேச்சு கேக்குது."

ஆலிமாவின் கை பட்டால் அந்தப் போன் சொன்ன பேச்சு கேட்காதாக்கும். அவள் தேநீர்க் குவளையை மேசையில் வைத்த வேகத்தில் பாதி சிந்தியது.

சின்னவள் சமையலறைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். "அக்கா, இன்னைக்குக் கூட்டத்துல உங்களைத்தான் கடைசியா பேசச் சொல்வாங்க. நீங்க சொல்றதுதான் எடுபடும். நேத்து ஒருத்தங்க தக்காளி விலையைப் பத்திக் கேட்டா, இது தக்காளியை, அல்லாஹு அக்பர் சொல்ற தக்பீர்னு எழுதியிருக்கு. மார்க்க வார்த்தையெல்லாம் விடாம பிடிக்கணும்னு நான்தான் பழக்கினேன். இப்ப எல்லாமே அதுக்கு மார்க்கமா கேக்குது."

"தொழுகை நேரம் கேட்டாக்கூட, ஒண்ணேகால், அல்லாஹ் மிக அறிந்தவன்னு சொல்லுதே. அதையும் நீதான் பழக்கினியா?"

சின்னவள் சிரித்தாள். "பெரியவங்க தீர்ப்புச் சொன்னா கடைசியில அப்படித்தானே சொல்வாங்கன்னு எல்லாப் பதிலுக்கும் போட்டுட்டேன்கா."

"அவங்க பயந்துக்கிட்டு சொல்றாங்க. தப்பா சொன்னா நாளைக்கு நம்ம கழுத்துக்கு வருமேன்னு சொல்றாங்க. இதுக்கு ஏது கழுத்து?"

சின்னவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தோள்பையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிப் போனாள். ஆலிமாவுக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. கொஞ்சம்தான்.

மாமியின் அறையில் இப்போது வேறு சத்தம். "லா இலாஹ இல்லல்லாஹ்... லா இலாஹ இல்லல்லாஹ்..." நேற்றிலிருந்தே மாமி இப்படித்தான், உட்கார்ந்தால் கலிமா, எழுந்தால் கலிமா. எட்டிப் பார்த்தபோது கண் கலங்கி இருந்தது. இத்தனை வருடம் ஆலிமா நடத்திய வகுப்பில் வராத கண்ணீர்! மெஷின் ஏதோ சொல்லியிருக்கிறது, மாமி உருகிப் போயிருக்கிறாள். பக்தியிலும் சின்னவள் முந்திக்கொண்டாள் என்று நினைத்தபோது ஆலிமாவுக்கு ஆறவே இல்லை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. போன மாதம் அவள் வகுப்பெடுத்தது பொறாமையைப் பற்றித்தான். அடுத்தவருக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்க வேண்டும் என்று ஏங்குவது ஒன்று, அதில் குற்றமில்லை. அவரிடமிருந்து அது பறிபோக வேண்டும் என்று ஏங்குவது வேறு, அதுதான் ஹஸது, அதுதான் பாவம். எவ்வளவு அழகாகப் பிரித்துச் சொன்னாள்! தன்னுடையது இரண்டில் எது என்று இப்போது கேட்டால், சின்னவளின் மெஷின் கிணற்றில் விழுந்தால் போதும், தனக்கு எதுவும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வாள்.

*

ஆலிமாவுக்கும் அந்த மெஷினில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். கேட்டவர்களின் கேள்வியும் மெஷின் சொன்ன பதிலும் அவளுடைய போனில் ஒரு பக்கத்தில் வரும். பெயர் வராது. படித்துப் பார்த்து 'சரி' என்றோ 'திருத்து' என்றோ தொட வேண்டும். கேள்வி புரியாவிட்டால் 'விளக்கம் கேள்' என்று ஒன்று. அதைத் தொட்டு எழுதினால், மெஷினே கேட்பதுபோல் கேட்டவருக்குப் போய்ச் சேரும்.

வெள்ளோட்டத்தின் முதல் நாள், இன்னும் பெருந்தன்மை மிச்சமிருந்தபோது, மெஷினின் முகப்புக்கு ஒரு வாசகம் எழுதித் தந்தவளும் ஆலிமாதான்: 'உங்கள் கேள்வி எங்களிடம் அமானிதம். கேட்டவர் யார் என்று எவரும் அறிய மாட்டார்.' ஒருவர் நம்பி ஒப்படைத்ததை அப்படியே காப்பது அமானிதம். சின்னவள் அதைப் படித்துவிட்டு, "அக்கா, இவ்வளவு அழகா எனக்கு வராது" என்றாள். அன்றைக்கு இனித்தது.

இன்றைக்கு அவள் தேடியது ஒன்றே ஒன்று. தப்பு. நல்ல பெரிய தப்பாக, கூட்டத்தில் எடுத்து வைத்தால் வாயடைத்துப் போகிற தப்பாக.

சரி, சரி, சரி என்று தொட்டுக்கொண்டே வந்தவளின் விரல் ஓரிடத்தில் நின்றது.

'எனக்கு ரெண்டு மறுமை இருக்கு. ரெண்டும் நல்ல மறுமைதான்...'

கீழே மெஷினின் பதில்: 'மறுமை ஒன்றே. இரண்டு என்று நினைப்பது கொள்கைத் தவறு. உடனே பாவமன்னிப்புத் தேடுங்கள். கலிமாவைச் சொல்லி ஈமானைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் மிக அறிந்தவன்.'

ஆலிமா வாய்விட்டுச் சிரித்தாள். இந்த உலகம் முடிந்து எழுப்பப்படுகிற மறுமையைப் போய் யாராவது இரண்டு என்பார்களா? ஏதோ புத்தி தடுமாறிய ஜீவன் என்னவோ உளறியிருக்கிறது. அதை உட்கார வைத்து விசாரிக்காமல், எடுத்த எடுப்பில் ஈமானையே, இறைநம்பிக்கையையே, புதுப்பிக்கச் சொல்கிறது இந்தப் பெட்டி! கேள்வி இன்னும் நீண்டு போனது. மீதியைப் படிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. அகப்பட்டது போதும். வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்த கணவர், பக்கத்துக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்ன, இன்னைக்கு முகமெல்லாம் வெளிச்சம்?"

"சாயந்திரம் பாருங்க. உங்க தம்பி பொண்டாட்டி மெஷினோட லட்சணம் சபையில தெரியும்."

"இந்த முகத்தை நான் எங்கேயோ பாத்திருக்கேனே." அவர் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். "ஆங், எதிர்க்கடைக்காரன் கடையை மூடிட்டுப் போனான்ல, அன்னைக்கு நம்ம கடைக் கண்ணாடியில பாத்தேன். என் முகம்."

"சாப்பிட்டு எழுந்திரிங்க" என்றாள் ஆலிமா.

*

பள்ளிவாசலுக்கு மூன்று பேரும் நடந்தே போனார்கள். மாமி வழக்கம்போல நடுவில். சாலையைக் கடக்கும் இடம் வந்ததும் இரண்டு மருமகள்களின் கையையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் சின்னவள், மாமியின் தலைக்கு மேலாக. "யார் எந்தக் கேள்வி கேட்டாங்கன்னு பாக்குற சாவி என்கிட்ட இருக்கு. நிர்வாகின்னு என் ஒருத்தி பேர்லதான் இருக்கு. ஒரு தடவைகூட திறக்கல. பயமா இருக்கு அக்கா. திறந்துட்டா அப்புறம் நான் யாரு?"

"திறக்காம இருக்கறதுதானே கடமை. அதுல என்ன பெருமை?" என்றாள் ஆலிமா.

மாமி இருவரையும் திரும்பிப் பார்த்தாள். காது மெஷினில் என்ன விழுந்ததோ, இரண்டு கையையும் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மாடியில் பெண்கள் கூடத்தில்தான் கூட்டம். ஒரு பக்கம் ஹஜ்ரத்தும், தலைவரான மரக்கடைக்காரரும், இன்னும் சில குழு உறுப்பினர்களும் நாற்காலியில் இருந்தார்கள். மறுபக்கம் விரிப்பில் பெண்கள். வியாழக்கிழமை வகுப்புக்கு வராமல் டிமிக்கி கொடுத்தவர்கள்கூட இதற்கு வந்திருந்ததை ஆலிமா கவனித்துக்கொண்டாள். பின்னால், ஜன்னல் ஓரமாக, மாமிக்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

சின்னவள் நன்றாகத்தான் பேசினாள். மெஷின் எப்படி வேலை செய்கிறது, எந்த நூல்களிலிருந்து சொல்கிறது, எதை எல்லாம் ஆலிமாவின் பார்வைக்கு அனுப்புகிறது என்று திரையில் காட்டிக் காட்டிச் சொன்னாள். பெண்கள் தலையாட்டினார்கள்.

ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டார். "ஒலிபெருக்கி வந்தப்பவும் பள்ளிவாசல்ல சண்டைதான். இன்னைக்கு அது இல்லாம பாங்கு உண்டா? கருவியை மார்க்கம் தடுக்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன்மா. விஷயம் தெரியாம ஒருத்தருக்குத் தப்பா தீர்ப்புச் சொன்னா, அதை நம்பி அவர் செய்யறதோட பாவம் சொன்னவர் மேலதான். உன் மெஷின் சொன்னா, அது யார் மேல?"

"என் மேல, ஹஜ்ரத்."

"லேசா சொல்லிட்டே."

"லேசா சொல்லல ஹஜ்ரத். ஒரு மாசமா தூக்கமே இல்ல" என்றாள் சின்னவள். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இரக்கத்தின் முணுமுணுப்பு. ஆலிமாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"ஹஜ்ரத், நேரமாகுது. ஆலிமா என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு முடிச்சிடலாம்" என்றார் மரக்கடைக்காரர்.

ஆலிமா எழுந்தாள். போனைக் கையில் எடுத்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. மெஷினே சொல்லட்டும். ஒருத்தங்க கேட்ட கேள்வியையும் அது சொன்ன பதிலையும் படிக்கிறேன். கேட்டது யாருன்னு எனக்குத் தெரியாது."

"அக்கா..." என்றாள் சின்னவள் மெல்ல. "கேள்வியை வெளியில படிக்கிறதில்லைன்னு..."

ஆலிமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எனக்கு ரெண்டு மறுமை இருக்கு. ரெண்டும் நல்ல மறுமைதான்" என்று படித்தாள்.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. பதிலையும் படித்தாள். ஈமானைப் புதுப்பிக்கச் சொன்ன இடத்தில் மரக்கடைக்காரர் நாற்காலியில் குலுங்கினார். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஹஜ்ரத் மட்டும் சிரிக்கவில்லை.

"இது சிரிக்கிற விஷயம் இல்ல. ஒரு மூமினைப் பாத்து ஈமான் போச்சுன்னு சொல்றது எவ்வளவு பெரிய பேச்சு" என்றார். "நீ நிறுத்தாதம்மா. கேள்வியை முழுசா படி. முழுசா கேக்காம நாமளும் தீர்ப்புச் சொன்னா, அந்த மெஷினுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

ஆலிமா விரலால் தள்ளி, காலையில் படிக்காமல் விட்ட மீதிக்கு வந்தாள். வெற்றியின் குரலிலேயே தொடர்ந்தாள்.

"ரெண்டும் என் வீட்டுலதான் இருக்கு..."

மறுபடி சிரிப்பு, முன்னைவிடப் பெரிதாக. ஆனால் இந்தத் தடவை, தன் வாயால் சொன்னதைத் தன் காதாலேயே ஆலிமா கேட்டாள். மறுமை எங்காவது வீட்டில் இருக்குமா? வீட்டில் இரண்டாக, நல்லதாக, இருக்கக்கூடியது எது?

மருமக.

தக்காளியைத் தக்பீர் ஆக்கிய மெஷின், மருமகளை மறுமை ஆக்கியிருக்கிறது. மறுமை, மறுமை என்றே ஓதிப் பழகிய அவளுடைய கண்ணும் அதில் மறுமையைத் தவிர வேறொன்றைப் பார்க்கவில்லை.

அவள் படிப்பதை நிறுத்தினாள். கண் மட்டும் கீழே ஓடியது. 'ஆனா ஒரு மறுமை மேல மனசு கூடப் போகுது. அடக்கினாலும் அடங்க மாட்டேங்குது. இன்னொண்ணுக்குத் தெரிஞ்சா தாங்காது. அல்லாஹ் என்னைப் பிடிப்பானா?'

பிடிப்பானா! மாமியின் வார்த்தை.

ஆலிமா தலையைத் தூக்கி ஜன்னல் ஓரம் பார்த்தாள். மாமி குனிந்திருந்தாள். மடியில் போனைக் கவிழ்த்து வைத்து, இரண்டு கையாலும் அதை மூடியிருந்தாள். அவளைச் சுற்றி இருந்த பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நேற்றிலிருந்து விடாமல் சொன்ன கலிமா. கலங்கிய கண். அது பக்தி இல்லை. பயம். அந்தச் செவிட்டுப் பெட்டி போட்ட பயம்!

"மேல படிம்மா" என்றார் ஹஜ்ரத்.

படித்தால் மெஷின் ஒழிந்தது. இனி எந்த நிர்வாகமும் அதைத் தொடாது. சின்னவள் தலை நிமிர மாட்டாள். இன்னும் நாலு வரிதான். ஆனால் அந்த நாலு வரிக்குள் இத்தனை பேருக்கும், கேட்டது யார் என்று தெரிந்துபோகும்.

"படிக்க மாட்டேன், ஹஜ்ரத்." அவள் போனை அணைத்தாள். "இது அமானிதம். இவ்வளவு படிச்சதே நான் செஞ்ச தப்பு. மெஷினுக்குக் காது சரியில்ல. எனக்கும் சரியில்ல."

சிரிப்பு தேய்ந்து அடங்கியது. ஹஜ்ரத் துருவிக் கேட்கவில்லை.

"அப்ப இப்படிச் செய்வோம். மெஷின் முதல்ல 'எனக்குத் தெரியல'ன்னு சொல்லப் பழகட்டும். அதுக்கப்புறம் மத்ததைப் பேசலாம். அது வரைக்கும் கேட்டவங்க கேள்வி யார் கண்ணுலயும் படக்கூடாது. ஆலிமா கண்ணுலயும்தான்."

"இன்னைக்கே அடைச்சிடறேன் ஹஜ்ரத்" என்றாள் சின்னவள்.

சொல்லும்போது அவள் ஹஜ்ரத்தைப் பார்க்கவில்லை. மாமியின் மடியை, கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது என்று ஆலிமாவுக்கு விளங்கியது. மெஷினின் காதைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

மூன்று பேரும் திரும்பி நடந்தார்கள். சாலையைக் கடக்கும் இடம் வந்தது. இரண்டு பேரும் கையை நீட்டினார்கள். மாமி இரண்டையும் பிடிக்கவில்லை. ஓரக் கம்பியைத் தடவித் தடவி, தானாகவே கடந்தாள்.

*

அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு ஆலிமா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டார்களா என்று பார்க்கத்தான் போனை எடுத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாமும் நம்பி வைப்போம்.

அடைக்கவில்லை. திறந்தே இருந்தது. அந்தக் கேள்வியும் அங்கேயே இருந்தது.

ஒரு மறுமை மேல மனசு கூடப் போகுது. எந்த மறுமை மேல?

மாமிக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தது யார்? ஆலிமா. ஆனால் அவ கை பட்டாலே போன் பேசுது என்று யாரைச் சொன்னாள்? சின்னவளை. ஊர் பூராத் தேடிக் கட்டி வைத்தது யாரை? அதுவும் ஆலிமாவை. தாங்காது என்றாளே, யாருக்குத் தாங்காது? சின்னவள் எதையும் தாங்குகிற ஜாதி. தாங்காதவள் ஆலிமாதான். அப்படியானால்...

'விளக்கம் கேள்' என்ற இடத்தைத் தொட்டாள். எழுதினாள்: 'எந்த மருமகள்?'

அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மெஷின் கேட்கிறது என்று மாமி நினைத்துக்கொள்வாள். பதில் வரும். ஒரே வார்த்தை. அடுத்தவர் மறைத்ததைத் துருவாதே என்று எத்தனை வியாழக்கிழமை சொல்லியிருப்பாள்! சொன்ன வாய் காய்ந்து போயிருந்தது.

எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். அழித்து முடித்து நிமிர்ந்தபோதுதான், கேள்விக்குக் கீழே புதிதாக ஒரு வரி வந்திருப்பதைப் பார்த்தாள்.

'கேட்டவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது. விளக்கம் கேட்டவர்: நிர்வாகி.'

அதற்கும் கீழே: 'நீங்கள் சொல்வது மூத்த மருமகளா, இளைய மருமகளா? தெளிவாகச் சொல்லுங்கள். அல்லாஹ் மிக அறிந்தவன்.'

ஆலிமா அதை இரண்டாம் தடவையும் படித்தாள். நிர்வாகி என்றால் மெஷினுக்கு ஒருத்திதான், சின்னவள். ஒரு தடவைகூடத் திறக்காத சாவி!

சுவருக்கு அந்தப் பக்கம் மாமியின் போன் மணி அடித்தது. மெஷினின் ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல் அந்தக் கேள்வியைப் படித்துக் காட்டியது. பிறகு மாமியின் குரல், மெதுவாக.

"பெட்டி, இப்ப யாரும் பாக்க மாட்டாங்கல்ல?"

"உங்கள் கேள்வி எங்களிடம் அமானிதம். கேட்டவர் யார் என்று எவரும் அறிய மாட்டார். அல்லாஹ் மிக அறிந்தவன்."

ஆலிமா எழுதிய வாசகம். எழுத்துப் பிசகாமல்.

"ஆமா, ஹஜ்ரத்தும் அதான் சொன்னாரு" என்றாள் மாமி. "ஆனா நீ என்ன மாத்தி மாத்திப் பேசறே? நேத்து நீதானே சொன்னே, மருமக ஒண்ணுதான், ரெண்டுன்னு நெனச்சதே தப்பு, கலிமா சொல்லுன்னு? எவ்வளவு நல்ல பேச்சுன்னு அழுதுட்டேன். ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் கலிமா, ரெண்டும் ஒண்ணா தெரியணும்னு. இப்ப நீயே மூத்தவளா இளையவளான்னு கேக்கறியே?"

ஆலிமாவின் கண்ணில் நீர் முட்டியது. பயந்து சொன்ன கலிமா இல்லை அது. மெஷின் மருமகளை மறுமை என்று கேட்டது. மாமியின் காது மறுமையை மருமகள் என்று கேட்டது. இரண்டு செவிடுகளுக்கு நடுவே, இந்த வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாத ஒரு பதில் மாமிக்குக் கிடைத்திருந்தது.

"சரி, கேட்டுட்டே. உன்கிட்ட என்ன வெக்கம்?" மாமி பெருமூச்சு விட்டாள். "எனக்கு மனசு கூடப் போறது வந்து..."

இன்னும் ஒரு வார்த்தைதான். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். காதில் வந்து விழும். பாவம் சின்னவள் கணக்கில்.

ஆலிமா எழுந்து ஓடினாள். மாமியின் கையிலிருந்த போனை உள்ளங்கையால் பொத்தினாள்.

"சொல்லாதீங்க மாமி!"

"ஏன்? என்னாச்சு?"

"இப்பக் கேட்டது மெஷின் இல்ல."

அறை வாசலில் நிழல் விழுந்தது. சின்னவள் வந்து நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. அவளும் ஓடித்தான் வந்திருக்கிறாள், எதற்கென்று ஆலிமாவுக்குத் தெரியவில்லை. நிறுத்தவா, கேட்கவா? வேண்டாம் அக்கா என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

மாமி காது மெஷினைச் சரியாக அழுத்திக்கொண்டாள். ஒரு மருமகளைப் பார்த்தாள், அடுத்த மருமகளைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தாள், சுபுஹுக்குப் பிறகு விரிப்பில் உட்காருவாளே, அதே மாதிரி.

"மெஷின் இல்லன்னா வேற யாரு கேட்டது? நீ சொல்லு, ஆலிமா."

ஒரு மாதத்துக்குப் பிறகு மாமி அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதில் ஆலிமாவுக்குத் தெரிந்திருந்தது.